ஷோ டேபிள்ஸ் என்று தட்டுபவருக்கு என்ன பதில் சொல்வது?

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பல வருடம் பழகிய கை, போஸ்ட்கிரஸ் என்ற இன்னொன்றின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தட்டுவது 'ஷோ டேபிள்ஸ்'. எதிர்பார்ப்பது அட்டவணைகளின் பட்டியல். வருவதோ, 'டேபிள்ஸ் என்ற அமைப்பு எனக்குத் தெரியாது' என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. கேட்டவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அமைப்பைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்?

போஸ்ட்கிரஸிலும் 'ஷோ' உண்டு. ஆனால் சர்வரின் அமைப்புகளைக் காட்டுவது மட்டுமே அங்கே அதன் வேலை. 'ஷோ போர்ட்' என்று கேட்டால் வழக்கமாக 5432 என்று பதில் வரும். அதனால் 'ஷோ டேபிள்ஸ்' என்பதை 'டேபிள்ஸ் என்ற அமைப்பின் மதிப்பைக் காட்டு' என்று படித்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லையே என்று கைவிரித்துவிடுகிறது. அடுத்து அட்டவணையை விவரிக்கச் சொல்லும் 'டெஸ்க்', அதற்கடுத்து டேட்டாபேஸ் மாறச் சொல்லும் 'யூஸ்'. இரண்டுக்கும் இலக்கணப் பிழை என்று ஒற்றை வரி. சலித்துப்போய் 'எக்ஸிட்' என்று தட்டினால், 2018-இல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன்பு அதுவும் நடக்காது. அரைப்புள்ளி வரட்டும் என்று அடுத்த வரியில் காத்துக்கொண்டே இருக்கும். டெர்மினல் ஜன்னலையே மூடித் தப்பித்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

தரவை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த நல்ல கருவிகள் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வர பிஜிலோடர், ஆரக்கிளிலிருந்து வர ஓராடூபிஜி. கையை நகர்த்தத்தான் கருவி இல்லை. குறிப்புத்தாள் ஒட்டலாம், பழைய கட்டளைகளைப் போலி செய்து வைக்கலாம், தகவல் அட்டவணைகளைப் பழக்கலாம், கட்டளை தட்டாமல் சொடுக்கியே பார்க்கும் படக்கருவியைக் கொடுத்துவிடலாம், பழைய டேட்டாபேஸின் பேச்சையே பேசும் அடுக்கு ஒன்றை வாங்கலாம். இவை எல்லாவற்றையும் ஏதாவது ஒரு இடத்தில் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் குறுங்கட்டளைகள் எல்லாம் பின்சாய்வுக்கோட்டில் தொடங்கி ஓரிரு ஆங்கில எழுத்துகளில் முடிபவை. தமிழில் எழுதும்போது டேட்டாவின் முதல் எழுத்தும் டேபிளின் முதல் எழுத்தும் ஒன்றாகிவிடும். எனவே முன்னதை 'டி' என்றும் பின்னதை 'டீ' என்றும் எழுதுகிறேன். அட்டவணைப் பட்டியலுக்கான கட்டளை \டிடீ.

குறிப்புத்தாள்

எல்லா அலுவலகங்களிலும் முதலில் நடப்பது இதுதான். இடப்பக்கம் பழைய கட்டளை, வலப்பக்கம் புதிய கட்டளை, ஒரு பக்கத் தாள், சுவரில் செல்லோடேப். செலவு இல்லை. பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும்.

ஆனால் பெரும்பாலான தாள்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. பிஎஸ்க்யூஎல்லின் குறுங்கட்டளைகள் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'டி' என்றால் விவரி. அதற்குப் பின்னால் வரும் எழுத்து எதை விவரிப்பது என்று சொல்கிறது. டீ வந்தால் டேபிள், ஐ வந்தால் இண்டெக்ஸ், வி வந்தால் வியூ, எஃப் வந்தால் ஃபங்ஷன், யு வந்தால் யூசர், என் வந்தால் நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு டேட்டாபேஸுக்குள் அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் ஸ்கீமா. கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டால் கூடுதல் விவரம் வரும். எதுவும் நினைவில்லையென்றால் \? என்று தட்டினால் முழுப் பட்டியலும் வந்துவிடும். இந்த ஐந்து வாக்கியங்களைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். நாற்பது வரித் தாளைவிட இது நெடுநாள் நிற்கும்.

தாளின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பத்தி போட்டு நடுவில் சமக்குறி போட்டதும், இரண்டு பக்கமும் சமம் என்று படிப்பவர் நம்பிவிடுகிறார். எல்லாத் தாள்களிலும் 'யூஸ்' என்பதற்கு எதிரே \சி என்று எழுதியிருக்கும். அது பாதி உண்மை.

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் என்பது ஒரே வீட்டுக்குள் இருக்கும் அறை மாதிரி. ஒரு க்வெரிக்குள்ளேயே, அதாவது தரவைக் கேட்கும் ஒரே கட்டளைக்குள்ளேயே, விற்பனை டேட்டாபேஸின் ஆர்டர் அட்டவணையையும் கணக்கு டேட்டாபேஸின் ரசீது அட்டவணையையும் புள்ளி வைத்து இணைத்துவிடலாம். போஸ்ட்கிரஸில் டேட்டாபேஸ் என்பது தனி வீடு. \சி என்பது அறை மாறுவது அல்ல. இருக்கும் இணைப்பை மூடிவிட்டு இன்னொரு வீட்டுக்குப் புது இணைப்பு எடுப்பது. மைஎஸ்க்யூஎல்லின் டேட்டாபேஸுக்கு நிஜமான இணை போஸ்ட்கிரஸின் ஸ்கீமாதான்.

இது தெரியாமல் தாளை மட்டும் நம்பிய ஒரு குழு, பழைய மூன்று டேட்டாபேஸ்களைப் புதிய இடத்திலும் மூன்று டேட்டாபேஸ்களாகவே கட்டியது. ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு மாதாந்திர அறிக்கையின் க்வெரியை ஓட்டினார்கள். 'விற்பனை.ஆர்டர்' என்று ஒரு அட்டவணை இல்லை என்று பதில் வந்தது. இருக்கிறதே என்று \சி போட்டுப் போய்ப் பார்த்தால், அங்கே பத்திரமாக இருக்கிறது. திரும்பி வந்து ஓட்டினால் மறுபடியும் இல்லை. போஸ்ட்கிரஸ் முன்னால் இருந்த 'விற்பனை' என்ற சொல்லை ஸ்கீமாவின் பெயராகப் படிக்கிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. மூன்றையும் ஒரே டேட்டாபேஸுக்குள் மூன்று ஸ்கீமாக்களாக மாற்றிக் கட்ட ஒரு வார இறுதி முழுவதும் போனது. அந்தத் தாளைத் தயாரித்தவன் நானே என்பதால் அந்த வார இறுதியில் நானும் அங்கே இருந்தேன்.

பழைய கட்டளையைப் போலி செய்வது

அடுத்த யோசனை, ஆளை மாற்றுவதைவிடத் திரையை மாற்றிவிடலாம் என்பது. பிஎஸ்க்யூஎல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று அவரவர் ஹோம் டைரக்டரியில் இருக்கும். அதில் 'டேபிள்ஸ்' என்ற பெயருக்கு \டிடீ என்ற கட்டளையை மதிப்பாகக் கொடுத்து வைக்கலாம். பிறகு முன்னால் முக்காற்புள்ளி போட்டு அந்தப் பெயரைத் தட்டினால் பட்டியல் வரும். இப்படி ஏழெட்டு பெயர்கள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவில், நிஜப் பயனர்கள் புழங்கும் புரொடக்ஷன் சர்வரில் நுழைந்து பார்க்க வேண்டிய நாள் வரும் வரைக்கும்தான் அந்த நிம்மதி. அங்கே அந்தக் கோப்பு இல்லை. பதற்றத்தில் இருக்கும் கைக்கு முக்காற்புள்ளி மட்டும்தான் தெரியும். தன் லேப்டாப்பில் மட்டும் ஓடும் மொழியைப் பழகியவர், எந்த இடத்தில் மொழி தேவையோ அந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறார்.

இன்னொரு வகைப் போலி இதைவிட மோசம். டேட்டாபேஸுக்குள்ளேயே 'ஷோ_டேபிள்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதிவிடுவது. அது எல்லோருக்கும் கிடைக்கும் என்பது வசதி போலத் தெரியும். ஆனால் அது பேக்கப்பில் போகும், சோதனை சர்வருக்குப் போகும், யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் அதை நம்பத் தொடங்கும். இரண்டு வருடம் கழித்து அதை நீக்கப் போனால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. கைப்பழக்கத்துக்காகப் போட்ட முட்டுக்கட்டை கட்டடத்தின் தூணாகிவிடும்.

'போஸ்ட்கிரஸே ஷோ டேபிள்ஸைப் புரிந்துகொண்டால் என்ன குடி மூழ்கிவிடும்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டக்டிபி என்ற டேட்டாபேஸ் அதை ஏற்கிறது. போஸ்ட்கிரஸின் இணைப்பு நெறிமுறையையே பின்பற்றும் காக்ரோச்டிபியும் ஏற்கிறது. செய்ய முடியாத காரியம் அல்ல. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 'ஷோ' சர்வருக்குப் போய் அங்கே ஓடுகிறது. அதனால் டெர்மினலிலிருந்து தட்டினாலும், பிஎச்பி நிரலுக்குள்ளிருந்து அனுப்பினாலும் பதில் ஒன்றுதான். \டிடீ அப்படி அல்ல. பின்சாய்வுக்கோடு போஸ்ட்கிரஸ் சர்வருக்குத் தெரியவே தெரியாது. பிஎஸ்க்யூஎல் என்ற கருவிதான் அதை வாங்கி, பிஜி_கிளாஸ், பிஜி_நேம்ஸ்பேஸ் போன்ற உள் அட்டவணைகளைத் துழாவும் ஒரு நீண்ட செலக்ட் க்வெரியாக மாற்றி அனுப்புகிறது. எனவே பழைய நிரலுக்குள் 'ஷோ டேபிள்ஸ்' இருக்கும் இடத்தில் \டிடீ என்று மாற்றி எழுதினால் இலக்கணப் பிழைதான் கிடைக்கும். இந்தத் தவறைச் செய்யாத புதுவரவை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கு அழகான மருந்து ஒன்று இருக்கிறது. பிஎஸ்க்யூஎல்லைத் தொடங்கும்போது கழித்தல் குறியும் பெரிய எழுத்து 'ஈ'யும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு குறுங்கட்டளைக்கும் அது உள்ளே அனுப்பும் க்வெரியையும் திரையில் காட்டும். புதிதாக வருபவர்களை முதல் இரண்டு வாரம் இப்படித்தான் தொடங்கச் சொல்வேன். \டிடீ என்று தட்டினால் பட்டியலும் வரும், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதும் வரும். போலிக் கட்டளை எதை மறைக்கிறதோ அதை இது திறந்து காட்டுகிறது.

தவறு செய்யும் இடத்திலேயே சொல்வது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. போஸ்ட்கிரஸ் தன்னளவில் ஓரிரு இடங்களில் ஏற்கனவே இதைச் செய்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் 'லிமிட் 20, 10' என்றால் முதல் இருபதைத் தள்ளிவிட்டு அடுத்த பத்தைக் கொடு என்று பொருள். போஸ்ட்கிரஸில் அதையே தட்டினால் வெறும் இலக்கணப் பிழை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. இந்த எழுத்துமுறை இங்கே இல்லை, லிமிட்டையும் ஆஃப்செட்டையும் தனித்தனியாக எழுதுங்கள் என்று குறிப்பும் சேர்த்துச் சொல்லும். மூல நிரலில் அந்த வரிக்குப் பக்கத்தில், குழப்பம் தருவதால் நிறுத்தப்பட்டது என்று 2002 பிப்ரவரித் தேதியிட்ட குறிப்பு இருக்கிறது. ஏற்றுக்கொள்ளவும் இல்லை, விரட்டிவிடவும் இல்லை. வந்தவருக்கு வழி சொல்லி அனுப்புகிறது.

பிஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான். புது வரியில் 'க்விட்' என்று தட்டினால் இப்போது வெளியேறிவிடும். ஆனால் பாதி எழுதிய க்வெரியின் நடுவில் தட்டினால் வெளியேறாது. \க்யூ பயன்படுத்துங்கள் என்று ஒரு வரி சொல்லும். நடுவில் இருப்பது ஒருவேளை அட்டவணையில் உள்ள பத்தியின் பெயராகவும் இருக்கலாம் அல்லவா? அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

சர்வர் சொல்லாத இடங்களில் நாம் எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறேன். போஸ்ட்கிரஸ் வழக்கமான அமைப்பிலேயே பிழையில் முடிந்த கட்டளைகளைத் தன் லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதி வைக்கிறது. சோதனை சர்வரில் குழுவை ஒரு வாரம் சும்மா விளையாட விடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த லாகைத் திறந்து, எந்தெந்தத் தவறான கட்டளைகள் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறிப்புத்தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் குழுவின் விரல்களே எழுதிக் கொடுத்திருக்கும். நான் முதன்முறை பார்த்தபோது 'ஷோ டேபிள்ஸ்' முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முதலிடத்தில் இருந்தது இரட்டை மேற்கோள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஊர் = "சென்னை" என்று இரட்டை மேற்கோளில் எழுதினாலும் அது சொற்சரம்தான், அதாவது வெறும் உரை மதிப்பு. போஸ்ட்கிரஸிலோ, டேட்டாபேஸ்களின் பொதுமொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தின்படி, இரட்டை மேற்கோள் பெயர்களுக்கு உரியது. ஆகவே 'சென்னை என்ற பத்தி இல்லை' என்று பதில் வரும். ஒற்றை மேற்கோளுக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் எடுத்த எந்தத் தாளிலும் அது இல்லை. ஏனென்றால் தாள்கள் கட்டளைகளைப் பற்றிப் பேசுகின்றன. மேற்கோள் குறியைக் கட்டளை என்று யாரும் நினைப்பதில்லை.

தகவல் அட்டவணைகளும் படக்கருவிகளும்

இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்று எஸ்க்யூஎல் தரத்திலேயே ஒரு பொதுவழி உண்டு. எந்த அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றில் என்னென்ன பத்திகள் என்று சாதாரண செலக்ட் மூலமே கேட்டுக்கொள்ளலாம். போஸ்ட்கிரஸில் 2003-இல் வந்த 7.4 முதலும், மைஎஸ்க்யூஎல்லில் 2005-இல் வந்த 5.0 முதலும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரிலும் உண்டு, ஆரக்கிளில் கிடையாது. நிரலுக்குள் எழுதுவதற்கு இதுதான் சரியான வழி. டெர்மினலில் தினம் இவ்வளவு நீளம் தட்டச் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள். இங்கேயும் அந்த வீடு, அறைக் குழப்பம் உண்டு. ஸ்கீமாவின் பெயர் இருக்க வேண்டிய பத்தியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பெயரைக் காட்டும், போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் 'பப்ளிக்' என்று காட்டும்.

படக்கருவியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. டிபீவர் போன்ற ஒன்றைக் கொடுத்தால் பழைய டேட்டாபேஸும் புதியதும் இடப்பக்கத்தில் ஒரே மாதிரி மரமாக விரியும். அறிக்கை எடுப்பவர்கள், கணக்குப் பிரிவினர், சோதனை செய்பவர்கள் ஆகியோருக்கு அதுவே போதும். அவர்களை \டிடீ கற்கச் சொல்வது வீண் கொடுமை. சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் போதாது.

பழைய பேச்சையே பேசும் அடுக்கு

பெரிய முதலீடு இது. எஸ்க்யூஎல் சர்வர் பயனர்களுக்காக அமேசான் உருவாக்கிய பேபல்ஃபிஷ் 2021-இல் திறமூலமாக வெளிவந்தது. அதைச் சேர்த்தால் போஸ்ட்கிரஸானது எஸ்க்யூஎல் சர்வரின் நெறிமுறையையே பேசும். அதன் 1433 போர்ட்டிலேயே காது கொடுத்துக் கேட்கும். ஆரக்கிள்காரர்களுக்கு என்டர்பிரைஸ்டிபி விற்கும் போஸ்ட்கிரஸ் பதிப்பு இருக்கிறது. சில ஃபங்ஷன்கள் மட்டும் போதும் என்றால் ஓராஃப்சி என்ற இலவச இணைப்பு என்விஎல், டீகோட், டூயல் என்று தினசரி புழங்குபவற்றைக் கொடுத்துவிடும். மரியாடிபி 10.3-இலிருந்து ஆரக்கிள் பாணி நிரலையும் ஓரளவு புரிந்துகொள்கிறது.

ஆயிரக்கணக்கான வரிகளில் ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் நிரல், எழுதி வைத்திருக்கும் இடத்தில் இதைத் தவிர வேறு வழியில்லை. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை என்றால் அடுக்கை வாங்கிவிடுங்கள். கைப்பழக்கத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். இந்த அடுக்குகள் எதுவும் முழுமையானவை அல்ல. தொண்ணூறு இடத்தில் பழையது போலவே நடந்துவிட்டு, மீதிப் பத்தில் எங்கே வழுக்கும் என்று சொல்லாது.

இன்னொருவருடைய பழக்கத்துக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் அனுபவம் நல்ல சாட்சி. அது பிறந்த காலத்தில் எங்கும் பரவியிருந்த மைஎஸ்க்யூஎல் 3 வரிசையோடு ஒத்துப்போகட்டும் என்று, இரட்டை மேற்கோளில் உள்ள பெயரில் பத்தி எதுவும் இல்லையென்றால் அதைச் சொற்சரமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். நல்லெண்ணம்தான். விளைவு, பத்தியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழை வராது. பெயரையே மதிப்பாக எடுத்துக்கொண்டு க்வெரி அமைதியாக ஓடிவிடும். அதைச் செய்திருக்கக் கூடாது என்று அவர்களுடைய ஆவணமே இப்போது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதை நம்பி ஓடும் நிரல்கள் உலகம் முழுக்க இருப்பதால் அடியோடு எடுக்கவும் முடியவில்லை. அணைத்து வைக்கும் வசதியே 2019-இல்தான் வந்தது.

பிழை சொல்லாத வேறுபாடுகள்

மேலே சொன்ன வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் 'ஷோ டேபிள்ஸ்' சிக்கல் இரண்டு வாரத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். கத்துகிற பிழை அது. கத்தும் பிழை கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடும். பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது என்று என்னைக் கேட்டால், கத்தாதவற்றில் போடச் சொல்வேன்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். பயனர் அட்டவணை, மின்னஞ்சல் பத்தி, ஒரே முகவரி இரண்டு முறை வரக்கூடாது என்று யுனீக் கட்டுப்பாடு. மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான ஒப்பீட்டு விதியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. கைபேசியில் தட்டும்போது முதல் எழுத்து தானாகப் பெரிதாகிவிட்டாலும் உள்ளே நுழைய முடியும். போஸ்ட்கிரஸில் அவை வேறு வேறு. மாற்றம் முடிந்த மறுநாள், நேற்றுவரை நுழைந்தவர் நுழைய முடியவில்லை. கணக்கு இல்லை போலிருக்கிறது என்று அவர் புதிதாகப் பதிவு செய்கிறார். யுனீக் கட்டுப்பாடும் தடுக்காது, ஏனென்றால் அதன் கண்ணுக்கும் இவை இரண்டு முகவரிகள். இப்போது ஒரே மனிதருக்கு இரண்டு கணக்கு. பழைய ஆர்டர் ஒன்றில், புதிய ஆர்டர் இன்னொன்றில். லாகில் ஒரு பிழையும் இல்லை. சிறிய எழுத்தாக்கி யுனீக் இண்டெக்ஸ் போடுவதோ, பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத சிஐடெக்ஸ்ட் வகையைப் பயன்படுத்துவதோ பத்து நிமிட வேலை. இரண்டான கணக்குகளை ஒன்றாக்குவது பத்து நிமிட வேலை அல்ல.

ஏழை இரண்டால் வகுங்கள். மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் மூன்றரை என்கின்றன. போஸ்ட்கிரஸ் மூன்று என்கிறது, முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான். எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வருபவருக்கு இது பழகிய விஷயம், அங்கேயும் மூன்றுதான். ஆகவே ஒரே தாளை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஏறுவரிசையில் வரிசைப்படுத்தும்போது 'நல்', அதாவது மதிப்பே இல்லாத இடங்கள், மைஎஸ்க்யூஎல்லில் முதலில் வரும், போஸ்ட்கிரஸில் கடைசியில். ஆரக்கிளில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் 'நல்'தான். போஸ்ட்கிரஸில் இரண்டும் வேறு.

ஆரக்கிள்காரர்களுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. ஆரக்கிளின் கட்டளைத் திரையான எஸ்க்யூஎல்-பிளஸ்ஸில் கமிட் சொல்லும்வரை எதுவும் நிலைக்காது என்ற தைரியத்தில் டெலீட் அடித்துப் பார்ப்பார்கள், எண்ணிக்கை தவறாக இருந்தால் ரத்துசெய்ய ரோல்பேக் அடிப்பார்கள். பிஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட், அதாவது ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிலைப்படுத்தும் வசதி, முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். டெலீட் அடித்த கணமே போய்விடும். ரோல்பேக் அடித்தால், நடப்பில் பரிவர்த்தனை (இன்னும் கமிட் ஆகாத கட்டளைத் தொகுப்பு) எதுவும் இல்லையே என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். இந்த ஒரே இடத்தில் பழைய பழக்கத்தைப் போலி செய்வதை நானே சிபாரிசு செய்வேன். அமைப்புக் கோப்பில் ஆட்டோகமிட்டை அணைத்து வையுங்கள். ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. எஸ்க்யூஎல்-பிளஸ்ஸிலிருந்து எக்ஸிட் அடித்து வெளியேறினால் அது கமிட் செய்துவிட்டுத்தான் போகும். பிஎஸ்க்யூஎல் அப்படிச் செய்யாது, காலை முழுக்கச் செய்த வேலை போய்விடும். திறந்த பரிவர்த்தனையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், அந்த இணைப்பு பழைய வரிசைகளைத் துப்புரவு செய்யவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

எந்த வழி யாருக்கு

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வரும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு என்றால் நான் செய்வது இது. போலிக் கட்டளைகள் கிடையாது. முதல் நாள், குறுங்கட்டளைகளின் ஒழுங்கைப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு டேட்டாபேஸ், ஸ்கீமா வேறுபாட்டுக்கு ஒரு மணி நேரம், இதைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரம் பெரிய எழுத்து 'ஈ'யோடு பிஎஸ்க்யூஎல். ஒரு வாரம் கழித்து லாகைப் பார்த்துத் தாள் அச்சடிப்பேன், அதன் மேல்பாதியில் கத்தாத வேறுபாடுகள், கீழ்ப்பாதியில் கட்டளைகள்.

ஆரக்கிள் குழுவுக்கு ஆட்டோகமிட் முதல் பாடம், மற்றதெல்லாம் அப்புறம். பழைய புரொசீஜர்கள் ஏராளம் என்றால் மட்டும் அடுக்கைப் பற்றி யோசிப்பேன். எஸ்க்யூஎல் சர்வர் குழுவுக்கும் அதே அளவுகோல்தான். அறிக்கை எடுப்பவர்கள் கையில் படக்கருவியைக் கொடுத்துவிட்டு அவர்களுடைய க்வெரிகளில் வகுத்தல் குறி எங்கெல்லாம் இருக்கிறது என்று நான் தேடிப் பார்ப்பேன்.

இவ்வளவு எழுதியவனுடைய கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு பழைய மைஎஸ்க்யூஎல் சர்வரில் ஒரு சின்ன விஷயம் பார்க்க வேண்டியிருந்தது. நுழைந்ததும் யோசிக்காமல் \டிடீ என்று தட்டிவிட்டேன். அங்கே \டி என்றால் கட்டளையின் முடிவுக் குறியை மாற்று என்று பொருள். பிழை எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் தட்டிய எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. ஏன் என்று புரியாமல், பழைய நாட்களைப் போலவே ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.